திறந்து காட்டிய பகடை

"இன்னும் நாற்பதே நிமிஷம்!" என்று அலறியபடி அபிஷேக் லேப்டாப்பைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான்.

அவனுடைய சேக்காட்டு ஃப்ளாட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் 'பேய்க்கோட்டை' விளையாட்டு அன்று நின்றுபோயிருந்தது. ஆளுக்கொரு வேஷம், பகடை விழுகிறபடி வாழ்வும் சாவும். விதிகளைப் புத்தகமாக எழுதிய பூந்தமல்லி பூபாலன், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்திருந்தார். அபிஷேக் எடுத்து ஆப் ஆக்கிவிட்டான்; ஆறு மாசமாக ஞாயிறு ஆட்டமும் அதில்தான். நாளைக் காலை அம்பத்தூர் கேம் கம்பெனி இண்டர்வியூவில் காட்ட அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குள் மெயில். "புத்தகத்தில் விதிகளைப் படிக்க முடிகிறது. உங்கள் ஆப்பில் ஒளிந்திருக்கின்றன. ஐந்து மணிக்குள் வெளியே காட்டாவிட்டால் ஆப் நீக்கப்படும். பேய்க்கோட்டை உரிமக் குழு."

"சாஃப்ட்வேர்னா உள்ளதானே இருக்கும்!"

"டென்ஷனாவாத மாமே, உரிமத்தை ஸ்கிரீன்ல ஒட்டிடு" என்றான் கூட்டாளி ஆசிக்.

ஒட்டினான். பதினாலு பக்கம். ஒவ்வொரு முறை பகடையை உருட்டும்போதும் பதினாலும் வந்து நின்றன. ஆப்பை ஆடுகிறவர்களிடமிருந்து ஒற்றை ஸ்டார் ரேட்டிங்குகள் குவிந்தன.

"அத்த தூக்கிட்டு விதிய மட்டும் காட்டு."

காட்டினான். பேய் ஒளிந்திருக்கும் அறையும் சேர்ந்து தெரிந்தது.

"பேய் கிச்சன்ல கீதுன்னு முன்னாடியே சொல்லிட்டா, அப்பால இன்னாத்துக்குடா கோட்டை?"

சோபாவில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த, ஞாயிறு ஆட்டத்துக்குத் தவறாமல் வரும் கீழ்வீட்டு சுசீலா ஆன்ட்டி, டேங்க் ஃபேக்டரி இன்ஸ்பெக்‌ஷனில் ரிட்டயரானவர், நிதானமாகச் சொன்னார்: "மொத்த புரோகிராமையும் யார் வேணா படிக்கிற மாதிரி திறந்து போட்டுடேன் தம்பி."

மணி நாலு ஐம்பத்தாறு. கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டான்.

இரண்டே நிமிஷம். ஆசிக் போனில் அதைப் படித்துப் பார்த்தான், அபிஷேக்கைப் பார்த்தான்.

"இன்னாடா இது? ஆடுறது அபிஷேக்னா பகடை நாலுக்குக் கீழ வுழக்கூடாதுன்னு எழுதி வச்சிகினு கீறே!"

"அது... டெஸ்டிங்குக்குப் போட்டது."

"ஆறு மாசமாவா டெஸ்டிங்கு?"

அபிஷேக் பூபாலனுக்குப் போன் போட்டான். "சார், உங்க குழு மெயிலால மானம் போச்சு! இண்டர்வியூவும் போச்சு!"

"குழுவா? நான் ஒண்டி ஆளு தம்பி. சாஃப்ட்வேரை என்ன பண்றதுன்னு உரிமத்துல ஒரு வரிகூட எழுதலையே. எழுதணும் எழுதணும்னு பத்து வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

அபிஷேக் போனை வைத்தான். ஆன்ட்டி மடியிலிருந்த முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இருபத்திரண்டு தடவை செத்திருக்கேன் தம்பி, நீ ஒரு தடவைகூடச் சாகல. அதான் அந்த மெயிலை நான் போட்டேன்."