சம்பந்தியை நனைத்த ராக்கெட்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் நீளும். அக்கா கல்யாணத்தில் நான் ராக்கெட் விட்டதற்கு விஞ்ஞான ஆர்வமே காரணம் என்று பல பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய். பயம்தான் காரணம்.

எண்பதுகளில் மலேசியாவில் நடந்தது. நாங்கள் கிள்ளானில் லோரி ஓட்டிப் பிழைத்த குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறிய யாழ்ப்பாணத்தார். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதே போல் முகம். பிள்ளைகள் விரும்பிவிட்டார்களே என்று சம்மதித்தாரே தவிர, நிச்சயதார்த்தத்தில்கூட அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்தே அக்கா சரசு இளைத்துப் போனாள்.

"அவங்க பக்கம் நாதஸ்வரமே தனியா கூட்டிட்டு வர்றாங்கடா. நம்ம பக்கம் சொல்லிக்க என்ன இருக்கு?" என்று ஒருநாள் அழுதாள். அவள் அழுததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது, வாய் நீண்டது.

"நீயும் அத்தானும் மண்டபத்தை விட்டு வெளிய வர்றப்போ வானத்துல இருந்து பூ கொட்டும்க்கா. நான் பாத்துக்கிறேன்லா" என்றேன். (எப்படிக் கொட்டும் என்று கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். கேட்கவில்லை, நம்பிவிட்டாள்.)

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நிலவுக்குப் போன ராக்கெட்டின் படத்தைப் பார்த்து, அளவைச் சுருக்கி, என் இடுப்பு உயரத்துக்கு ஒன்று செய்தேன். உடம்பு மணிலா அட்டை. உள்ளே பிளாஸ்டிக் போத்தல். போத்தலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றை இழுத்தால், அடைப்பு கழன்று, தண்ணீரைக் கீழே பீய்ச்சிக்கொண்டு மேலே பாயும். மூக்குக்குள் பூவிதழ்கள். பள்ளித் திடலில் விட்டுப் பார்த்தபோது தென்னைமர உயரம் போய்ப் பூவையும் கொட்டியது. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வேறு, "அவங்க முன்னாடி ஏதாச்சும் கோளாறாச்சு, உங்கக்கா காலம் பூரா அந்த வீட்டுல தலை குனிஞ்சு நிக்கணும்" என்று காலையும் மாலையும் ஓதினாள்.

கல்யாணத்தன்று தாலி கட்டியதைக்கூட நான் பார்க்கவில்லை. வாசலில் ராக்கெட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். மணமக்கள் புறப்பட்டுவிட்டார்களா என்று பார்த்துவர உள்ளே ஓடினேன். ஓடுமுன், "போத்தல்ல தண்ணி மட்டும் ஊத்தி வைங்க மாமா" என்று முனியாண்டி மாமாவிடம் சொல்லிப் போனதுதான் நான் செய்த தப்பு. அம்மாவின் தம்பி, லோரி டிரைவர். புதிதாக எந்த வண்டி வாங்கினாலும் பூசை போடாமல் நகர விடமாட்டார்.

திரும்பி வந்தேன். ராக்கெட்டுக்குச் சந்தனம், குங்குமம். கழுத்தில் மாலை. அட்டைக்குக் கீழே தெரிந்த போத்தல் கழுத்தில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"என்ன மாமா இது?"

"கல்யாணத்துல வெறும் தண்ணியாடா ஊத்துவாங்க? மஞ்சள் கலந்திருக்கேன்."

அதுகூடப் பரவாயில்லை. ராக்கெட் நின்ற பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் ஓர் எலுமிச்சம்பழம்.

"நாலு மூலைக்கும் வைக்க மூணு பழம் குறையுதுடா. வாங்கின நாலும் கல்யாணக் காரு டயருக்குப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் சமையக்கட்டுல மிஞ்சிச்சு."

எடுக்கக் குனிந்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வச்ச பழத்த எடுக்கக் கூடாது! அபசகுனம்!"

அதற்குள் நாதஸ்வரம் வாசலுக்கு வந்துவிட்டது. வேண்டாம், விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா மாலையும் கழுத்துமாக வெளியே வந்து, சுற்றிலும் இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். சம்பந்தியும் பார்த்தார். நான் காற்றடித்து, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

ராக்கெட் வானத்துக்குப் போகவில்லை. மாலையோடு சாய்வாகப் பாய்ந்து, கல்யாணக் காரின் திறந்த ஜன்னலுக்குள் புகுந்தது. "அலாமாக்!" என்று மலாயில் அலறிய சீன டிரைவர் அங்கிள், தலை நிறையப் பூவோடு இறங்கினார். யார் மேலும் இடிக்கவில்லையே என்று நான் மூச்சு விட்டது அரை நொடி. பிறகுதான் அது விட்டுப்போன தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று திரும்பிப் பார்த்தேன்.

சம்பந்தி தலை முதல் இடுப்பு வரை மஞ்சளாக நின்றார். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி அழ ஆரம்பித்தாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

முனியாண்டி மாமா ஓர் அடி முன்னால் வந்து கும்பிட்டார். "சம்பந்தி, எங்க பக்கத்து வழக்கங்க இது. மொறைக்காரங்க மேல மஞ்சத்தண்ணி ஊத்துவோம். பொண்ணு நல்லாயிருக்கணும்னா மொத தண்ணி மாமனாருக்குத்தான்."

(மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது உண்டு. ராக்கெட்டில் ஊற்றுவது எந்த ஊரிலும் கிடையாது.)

சம்பந்தி கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். என் உயிர் அந்தக் கைக்குட்டையில் ஊசலாடியது.

"ஓம். வழக்கமெண்டால் செய்யத்தானே வேணும்" என்றார். பிறகு, "மேளத்தை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று நாதஸ்வரக்காரரைக் கடிந்துகொண்டார். அந்தச் சட்டையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மஞ்சளாகவே நின்று எல்லோரையும் வழியனுப்பினார்.

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்து அவருடைய இளைய மகனுக்குக் கல்யாணம். எனக்குப் போன் வந்தது. "தம்பி, உங்கட வழக்கத்தை விட்டிடாதேங்கோ. ராக்கெட்டோட வாங்கோ." அதிலிருந்து இரண்டு வீட்டிலும் எந்தக் கல்யாணம் என்றாலும் நான்தான் ராக்கெட். எலுமிச்சம்பழம் ஒன்றே ஒன்று. பலகை சாய்வாகத்தான் இருக்க வேண்டும். அக்கா பிள்ளைகள் இது ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு என்றே நம்பி வளர்ந்தார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில், நான் பம்பு அடித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, வழக்கமெண்டால் அண்டைக்கு உங்கட அம்மா ஏன் அழுதவ?"

பம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு போய், புது மாப்பிள்ளையின் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, தண்ணீர் சரியாக விழுகிற இடத்தில் நிறுத்தினார்.