தோற்கத் தெரியாத உருளை மெஷின்

ரகுபதி தன் அறுபத்தெட்டு வயதுக்குள் மூன்று பெரிய முடிவுகள் எடுத்திருக்கிறார். முதல் இரண்டையும் மனைவி பூங்கோதை ரத்து செய்துவிட்டாள். மூன்றாவதை ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கும்போது எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அதுவரை க்ஷேமம்.

முடிவு இதுதான்: இனிமேல் நாலு மணிக்குத் துணி எடுப்பதில்லை.

குவீன்ஸ்டவுனில் பதினோராம் மாடி வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நாலு மூங்கில் கழிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நீட்டியிருக்கும். மேற்கு வெயில்தான் அந்தப் பக்கம். "மூணே முக்காலுக்கு எடுத்தா ஈரம், நாலே காலுக்கு எடுத்தா மழை" என்பது பூங்கோதையின் சட்டம். நாலு மணிக்கு ரகுபதி ஒவ்வொரு கழியாக உள்ளே இழுத்து, துணியை உருவி, சோபாவில் மலையாகக் குவிக்க வேண்டும். பூங்கோதை உட்கார்ந்து மடிப்பாள். மடித்ததை அலமாரிக்குச் சுமப்பதும் ரகுபதி. முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கிய கை அது. இப்போது உள்பாவாடை தூக்கிக்கொண்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அதே நாலு மணிக்குத்தான் தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் நண்பர் முகைதீன் காத்துக்கொண்டிருப்பார். கைலி வியாபாரி. கடையை மகனிடம் விட்டுவிட்டு அவர் தேநீருக்கு வருவது நாலிலிருந்து ஐந்து வரைதான். ரகுபதி துணியை முடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பாதி நாள் முகைதீன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருப்பார்.

"வந்துட்டியா? சரி, நான் கிளம்புறேன்."

இதற்குப் பெயர் சந்திப்பா?

அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்ன பேச்சு என்றால், பருத்தி அறுவடை மெஷின். சிரிக்காதீர்கள். முகைதீனுக்குத் துணி வியாபாரம், ரகுபதிக்குப் பொதி ஏற்றிய அனுபவம். இரண்டும் சேர்ந்தால் அங்கேதான் போய் நிற்கும். முன்பெல்லாம் பஞ்சைப் பறிக்க ஒரு வண்டி, வாங்கிச் சுமக்க ஒரு வண்டி, அமுக்கிப் பொதியாக்க இன்னொன்று, மூடிக் கட்ட நாலு ஆள். இப்போது வந்திருக்கும் மெஷின்கள் பறித்த வயலிலேயே பொதி கட்டி இறக்கிவிடுகின்றன. அதில் இரண்டு ஜாதி. ஒன்று பஞ்சை உருளையாகச் சுற்றி, மஞ்சள் பிளாஸ்டிக்கில் போர்த்திவிடும். மற்றது பெரிய செங்கல் மாதிரி அமுக்கி, போர்வை இல்லாமல் இறக்கும். ரகுபதி உருளைக் கட்சி. முகைதீன் செங்கல் கட்சி. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இருவரும் போட்ட சண்டையில் தேக்காவில் பாதிப் பேர் பருத்தி விவசாயி ஆகிவிட்டார்கள்.

அந்த மெஷினிலிருந்துதான் ரகுபதிக்குத் திட்டம் பிறந்தது.

"கோதை, நம்ம வீட்டுல வேலை செய்ற முறையே தப்பு" என்று ஆரம்பித்தார்.

பூங்கோதை கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கீங்க. சொல்லுங்க."

"துணியை நான் எடுக்குறேன். நீ மடிக்குற. ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு. நடுவுல சோபா வேற அடைபடுது. இதெல்லாம் பழைய காலம். இப்பல்லாம் பறிக்கிற மெஷினே அங்கேயே கட்டி முடிச்சிடுது. கழியிலேருந்து எடுக்கும்போதே மடிச்சிட்டா வேலை முடிஞ்சுது."

"அந்த மெஷின் யாரு? நீங்களா, நானா?"

"அதை நம்ம சொல்லக் கூடாது லா. போட்டி வைப்போம். ஆளுக்கு ரெண்டு கழி. யாரு வேகமா, நல்லா முடிக்கிறாங்களோ அந்த மெஷினுக்குத்தான் வேலை."

"ஜெயிச்சவங்களுக்கா வேலை?"

"பின்ன? தோத்த மெஷினை எந்த விவசாயி வயல்ல இறக்குவான்? அது பாட்டுக்கு ஷெட்ல நிக்கும். ஜெயிச்சதுதான் உழைக்கும். நல்ல மெஷின்னா சொந்த வயலோட நிக்காது, பக்கத்து வயலுக்கும் போகும், தெரியும்ல?"

சூட்சுமம் புரிந்துவிட்டதா? ரகுபதி தோற்கப் போகிறார். ஆயுளில் ஒரே ஒரு முறை, உயிரைக் கொடுத்துத் தோற்கப் போகிறார். பிறகு பூங்கோதை துணியை எடுப்பாள், அவர் தேக்கா என்னும் ஷெட்டில் போய் நிற்பார்.

கடுகு வெடித்து முடியும்வரை பூங்கோதை அவர் முகத்தையே பார்த்தாள். "சரி. சனிக்கிழமை. பக்கத்து வீட்டு சம்சுன்னிசா நடுவர். நீங்க எந்த மெஷின்?"

"உருளை!" நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தோற்பதற்கு எதற்கு நெஞ்சு நிமிர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பூங்கோதைக்குத் தோன்றியது.

"அப்ப நான் செங்கல். எனக்கும் அந்த வீடியோவைக் காட்டுங்க, பாப்போம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆசையாகச் சொன்ன எதையும் அவள் இருபது நிமிஷம் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது எப்ப நிக்கும்?"

"நிக்கவே நிக்காது! அதான் அதோட பெருமை. முகைதீனோட செங்கல் மெஷின் பொதியை இறக்கணும்னா நின்னு, சாஞ்சு, பெருமூச்சு விட்டுத்தான் இறக்கும். நம்மாளு நடந்துகிட்டே சுத்தும். வயலோரம் வந்ததும் முட்டை போடுற மாதிரி போட்டுட்டுப் போய்கிட்டே இருக்கும்."

"மழை வந்தா?"

"ஒரு சொட்டு உள்ள இறங்காது. செங்கலுக்குத்தான் மேல தார்ப்பாய் போடணும்."

"ஓஹோ" என்றாள் பூங்கோதை. அந்த 'ஓஹோ'வை ரகுபதி கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரகுபதி ஜாலான் புசாருக்குப் போய், ஒரு ஹார்ட்வேர் கடையில் பெட்டிகளுக்குச் சுற்றும் பிளாஸ்டிக் உருளை ஒன்று வாங்கிவந்தார். கடைக்காரர் வெள்ளை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று மஞ்சளைத் தேடி எடுத்தார். தோற்பதானாலும் முறைப்படி தோற்க வேண்டாமா? கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். பெருக்கும்போது பூங்கோதை அதைப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மஞ்சள் தேடி வாங்கியவன் தோற்க மாட்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை நாலு மணி. சம்சுன்னிசா போனில் நேரம் பார்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது.

பூங்கோதை முதலில் இறங்கினாள். கழியை இழுத்தாள். ஒரு சட்டை, சம்சுவோடு இரண்டு வார்த்தை. ஒரு துண்டு, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று ஒரு விவாதம். சதுரம் சதுரமாக மடித்து மேஜையில் அடுக்கி, பழைய பிளாஸ்டிக் மேஜை விரிப்பால் மூடினாள்.

"பதினாலு நிமிஷம், அக்கா" என்றாள் சம்சுன்னிசா.

ரகுபதிக்குச் சின்னக் கவலை வந்தது. பதினாலை விட மெதுவாகத் தோற்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் மனிதர் முயற்சி செய்தார். கழியை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தார். ஒரு காலுறையை எடுத்தார். அதற்கு ஜோடி தேடினார். கிடைத்தது. அது ஜோடிதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டரை நிமிஷம் போயிருந்தது. அபாரமான தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது. தேக்காவில் ஆற்றி ஊற்றும் தே தாரிக்கின் நுரை மணத்தது.

"சம்சு, பாத்தியா?" என்றாள் பூங்கோதை. "உருளை மெஷின் நின்னு போச்சு."

"நிக்கல" என்றார் ரகுபதி.

"நின்னுகிட்டுத்தானே இருக்கு?"

"ஆளு நிக்கிறேன். மெஷின் நிக்காது. ரெண்டும் வேற."

"என்னவோ. பாக்கத்தான் பெரிசா இருக்கும் போல. வீடியோ புடிக்கும்போது மட்டும் ஓடும்போல."

ரகுபதியின் காது சிவந்தது. அடக்கிக்கொண்டார். இன்னொரு காலுறை எடுத்தார். தூரத்தில் இடி உருண்டது. ஜன்னல் கம்பியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஐயோ, தூறுதே" என்றாள் பூங்கோதை நிதானமாக. "என் செங்கலுக்குக் கவலையில்ல, தார்ப்பாய் போட்டாச்சு. உருளைதான் பாவம். மழையில ஊறிப் போயிடுமாமே? முகைதீன் அண்ணன் சொன்னாரு."

"முகைதீனா சொன்னான்?"

"ஆமா. பிளாஸ்டிக் எல்லாம் சும்மா ஷோக்குக்காம்."

அவ்வளவுதான். தேக்காவை மறந்தார். திட்டத்தை மறந்தார். தான் யார் என்பதையே மறந்தார். கட்டிலடிக்கு ஓடி மஞ்சள் உருளையோடு திரும்பி வந்தவர் ரகுபதி இல்லை. ஆறு வரிசைப் பருத்தியை ஒரே மூச்சில் விழுங்கும் மெஷின். இடது கை கழியை இழுக்க, வலது கை துணியை உருவ, முழங்கால் சுருட்ட, பல் பிளாஸ்டிக்கைக் கிழிக்க, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் பொதி மேஜைமேல் 'தொப்'பென்று விழுந்தது. அது விழும்போதே அடுத்தது சுற்றிக்கொண்டிருந்தது. படுக்கை விரிப்பு போனது. புடவை போனது. சம்சுன்னிசா தன் துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு ஓரமாக நகர்ந்தாள். ஜன்னலோரம் வந்து உட்கார்ந்த ஒரு மைனா, நிலைமையைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"முடிஞ்சுது!" என்று கத்தினார். மேஜையில் ஒன்பது மஞ்சள் உருளைகள் மின்னின. ஒன்றை எடுத்துக் குழாயடியில் காட்டினார். தண்ணீர் வழுக்கி ஓடியது. "எங்க ஊறுது? எங்க ஊறுது? காட்டச் சொல்லு அந்த முகைதீனை!"

"ஆறே முக்கால் நிமிஷம், அண்ணே" என்றாள் சம்சுன்னிசா. "அதுல ரெண்டரை நிமிஷம் காலுறைக்கே போச்சு."

"நான் தோத்துட்டேங்க" என்றாள் பூங்கோதை. இவ்வளவு அடக்கமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

ரகுபதி பொதிகளோடு படம் எடுத்து முகைதீனுக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: 'மழையில் ஊறும் என்றாயே, பார்!' வெற்றியோடு நிமிர்ந்தார். பூங்கோதை கைப்பையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தேக்காவுக்கு. வெத்தலை வாங்கணும். அப்படியே நானும் சம்சுவும் ஒரு தே குடிப்போம். இனிமே தினமும் நாலு மணிக்கு எனக்கு வேலை இல்லையே."

"தினமுமா?"

"நீங்கதானே சொன்னீங்க, தோத்த மெஷின் ஷெட்ல நிக்கும்னு?"

மூன்றாவது முடிவும் ரத்தாகிவிட்டது. போன் ஒலித்தது. முகைதீனின் பதில்: 'உருளை ஊறும்னு நான் எப்ப சொன்னேன்? செங்கல் கட்சின்னாலும் நான் நியாயஸ்தன் லா. தங்கச்சிகிட்ட நான் பேசியே ரெண்டு மாசம் ஆச்சு.'

அவர் தலையை உயர்த்தியபோது பூங்கோதை லிஃப்டுக்குப் போய்விட்டாள். சம்சுன்னிசாவையும் காணோம். தாழ்வாரத்தில் ஏதோ இழுபடும் சத்தம். வாசல் வழியாக ஒரு மூங்கில் கழி, துணி தொங்கத் தொங்க, மெதுவாக உள்ளே நீண்டது. அதன் பின்னால் இன்னொன்று.

"எங்க வீட்டுக்காரர் கைலியும் விரிப்பும்தான், அண்ணே" என்றாள் கழியின் மறுமுனையிலிருந்து சம்சுன்னிசா. "பக்கத்து வயலுக்கு நீங்க வர வேணாம்னு, வயலையே கொண்டு வந்துட்டேன்."