ரிப்பன் வெட்டாத கம்ப்யூட்டர்கள்

இளைய தலைமுறைக்கு டிஜிட்டல் டிசைன் கற்றுத் தந்தே தீருவது என்று திருப்பதியில் ஒரு பயிற்சி மையம் முடிவெடுத்தது. இருபது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. இருபது மாணவர்கள் சேர்ந்தார்கள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நகரியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் கௌசிகா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"சார், இந்தப் பிளாஸ்டிக் உறையை எப்போ பிரிப்பீங்க?"

பயிற்சியாளர் பிரபாகர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "திறப்பு விழா ஆகலையேம்மா. ரிப்பன் வெட்டாத கம்ப்யூட்டரை ஆன் பண்ணா ஆடிட்ல மாட்டிக்குவோம்."

"அதுவரைக்கும்?"

"நோட்டு எடுத்துக்கோ."

ஆறு மாதம் நோட்டிலேயே டிசைன் நடந்தது. மவுஸைப் பிடிக்கும் முறைக்கு ஒன்றரைப் பக்கம். தப்பாகப் போட்டதை அழிக்கும் பாடத்துக்கு எல்லாரும் ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கையே வந்தது. கௌசிகா வீட்டுப் பவர்லூம் தறியின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, தன் செல்போனில் நிஜமாகவே கற்றுக்கொண்டாள். பரீட்சையில் அதை எழுதினாள். பூஜ்யம் போட்டார்கள்.

"இப்படிச் செஞ்சாலும் வேலை முடியுது சார்!"

"முடியலாம்மா. சிலபஸ்ல முடியல."

அந்தச் சமயம் ஸ்ரீசிட்டியில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. சர்டிபிகேட் கட்டாயம். சர்டிபிகேட்டோ, பூஜ்யம் வாங்கினவர்களுக்கும் உண்டு என்றாலும், திறப்பு விழா மேடையில்தான் வழங்கப்படும்.

"இன்னும் எத்தினி நாளு இந்தத் தறியையே நம்பிக்கினு உக்காந்திருக்கிறது?" என்றார் அவள் அப்பா ஆதிகேசவன். அவர் தறியைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா என்று கௌசிகாவுக்கு விளங்கவில்லை.

ஒரு வழியாக விழாவுக்குத் தேதி கிடைத்தது. உடனே பேனர் வேண்டும். பிரபாகருக்கு டிசைன் சொல்லித் தரத்தான் தெரியும், செய்யத் தெரியாது. கௌசிகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செல்லுல நீயே பண்ணிடும்மா. முனிசாமி கடையில பிரிண்ட் போட்டுக்கலாம்."

அன்று மத்தியானமே நாலு அதிகாரிகளிடமிருந்து தனித்தனியாக உத்தரவு வந்தது. ஒருவர் படத்தைவிட இன்னொருவர் படம் சின்னதாக இருக்கக்கூடாது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் கௌசிகா நாலு முகத்தையும் பெரிதாக்கினாள். கடைசியில் பேனர் முழுக்க முகம்தான். மையத்தின் பெயரை ஒருவருடைய காதோரமாகச் செருகினாள்.

விழாவன்று தலைமை அதிகாரி பேனரின் முன்னால் நின்றுவிட்டார்.

"பிரமாதம்! யார் பண்ணினது?"

கௌசிகா ஒரு அடி முன்னால் வந்தாள். பிரபாகர் இரண்டடி முன்னால் வந்தார்.

"முனிசாமி சார்! பிரிண்டிங் கடைக்காரர்!"

முனிசாமிக்குச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கியதும் கௌசிகா பிரபாகரை ஓரமாக நிறுத்தினாள்.

"நான்தானே சார் பண்ணேன்?"

"மாணவி பண்ணானு சொன்னா, திறக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரை ஆன் பண்ணோம்னு ஆகிடாதா?"

"நான் செல்லுல பண்ணேனே சார்!"

"அப்போ மையம் எதுக்குன்னு கேப்பாங்களே!"

 கௌசிகா சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு ஸ்ரீசிட்டிக்குப் போனாள். மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார்.

"நான் செஞ்ச டிசைன் காட்டட்டுமா சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா? முத்திரை இருக்கே. திங்கக்கிழமை வந்துடு."

வீட்டில் கொண்டாட்டம். மகளுக்கு வேலை கிடைத்ததைத் தெருவே பார்க்கும்படி ஃப்ளெக்ஸ் வைப்பது என்று ஆதிகேசவன் கிளம்பினார்.

"நானே பண்றேன் நைனா."

"நீ சும்மா இரு. சால்வை வாங்கின ஆளு இருக்கிறான், அவன் கையால பண்ணிக்கிறேன்."

சில மணி நேரத்தில் கௌசிகாவின் செல்போன் அடித்தது. முனிசாமி.

"அம்மா, அவசரமா ஒரு வேலை. போட்டோ அனுப்பிக்கினு இருக்கிறேன். எனக்கு மிஷின்ல ஓட்டத்தான் தெரியும். நீதான் கொஞ்சம் போட்டுத் தரணும்."

திறந்து பார்த்தாள். அவளுடைய படம்தான். தன் நிறத்தை மூன்று மடங்கு வெளுப்பாக்கினாள், தாடையைச் சற்று ஒடுக்கினாள், பின்னால் ஒரு பனிமலையை வைத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறியது. அண்ணாந்து பார்த்த ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாம்மா, தொழில் தெரிஞ்சவன் கைன்னா கைதான். ஆறு மாசம் படிச்சியே, உனக்கு இந்த மாதிரி வருமா?"