உயிர் உண்டா என்று கேட்கும் அண்ணாச்சி

“இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது அடிப்படை தெரியுதா?”

காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்தால் தினமும் காதில் விழும் முதல் பேச்சு இதுதான். சொல்பவர் பக்கத்து வீட்டுப் பூவனநாதன் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸை மகனிடம் விட்டுவிட்டு, ஊருக்கு அடிப்படை கற்றுக்கொடுக்க இறங்கியவர். இவரை ஓர் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். வீடு தீப்பிடித்தால் நீங்களும் நானும் குடத்தைத் தூக்குவோம். இந்த இனம் மட்டும் தீ என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யச் சொல்லும்.

போன மாசம் தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஆட்டுக்கொல்லி என்கிற வைரஸ் நோய்க்கு ஊசி போட்டார்கள். பக்கத்து ஊரில் ஆடுகள் மூக்கு ஒழுகி, வாய் வெந்து, கழிந்து கழிந்து செத்துக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டு ஆவுடைத்தாய், புருஷன் போன பிறகு ஆடுகளை வைத்தே மகள் காளீஸ்வரியை நர்சிங் படிக்க வைப்பவள், மேய்ச்சலிலிருந்து ஓட்டி வந்ததால் வரிசையில் கடைசி.

“கரைச்ச மருந்து வெயில்ல நிக்காது. சட்டுனு வாங்க” என்று டாக்டரம்மா உமாதேவி விரட்டிக்கொண்டிருந்தார்.

வந்தார் அண்ணாச்சி. அவருக்கு ஆடு கிடையாது. ஒரு கோழிகூடக் கிடையாது.

“ஒரு சந்தேகம் டாக்டரம்மா. வைரஸுக்கு உயிர் உண்டா?”

“படிச்சவங்களே இன்னும் முடிவு பண்ணல ஐயா. பொறவு பேசுவோம்.”

“பொறவு எதுக்கு? மூச்சு விடுதா? இல்ல. திங்குதா? இல்ல. வளருதா? அதுவும் இல்ல. செத்த பொருளை எப்படிச் சாகடிப்பீய?”

“உடம்புக்குள்ள போனாப் பெருகுதுல்லா?”

“உப்பளத்துல உப்பும்தான் பெருகுது. உப்புக்கு உயிர் உண்டா?”

போதுமே! ஆட்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய ஆம்பிளைகள் எல்லாரும் ஆட்டை விட்டுவிட்டு உப்பைப் பிடித்துக்கொண்டார்கள். உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி.

“அண்ணாச்சி, என் ஆட்டுக்குப் போட்டுக்கிடுதேன். பொறவு பேசுங்க” என்று கெஞ்சினாள் ஆவுடைத்தாய்.

“இரு தாயி. அடிப்படை தெரியாம ஊசி போடக் கூடாது.”

அடிப்படை தெரிந்து முடிவதற்குள் பெட்டியில் ஐஸ் தண்ணீராகிவிட்டது. கெட்டுப்போன மருந்தைக் கொட்டிவிட்டு, அடுத்த ஊரில் காத்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கிளம்பிவிட்டார்.

வைரஸ் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தன் வீட்டில் அண்ணாச்சி வெறும் கல். அவர் பெண்சாதி கல்யாணசுந்தரி மதினி தண்ணீர் லாரிக்கு ஒற்றை ஆளாகக் குடம் தூக்கினாலும் அசைய மாட்டார். அடுத்தவர் காரியத்துக்குள் நுழைந்துவிட்டால் உயிர் வந்துவிடும். அவனவன் வேலையை நிறுத்தி, அவனவன் வாயாலேயே தன்னைப் பெருக்கிக்கொள்வார். மறுநாள் டீக்கடையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்கிறான்: “உப்புக்கு உயிர் உண்டாலே?”

இப்போது அண்ணாச்சிக்கு அம்மை போட்டிருக்கிறது. அதுவும் வைரஸ்தான். வாசலில் வேப்பிலை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது: “கேக்க ஒருத்தனாவது வாரானா?”

அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். உயிரில்லாத ஒன்றுக்கு என்ன பயம்? நீங்கள் போய்ப் பாருங்கள். உண்டா இல்லையா என்பதை வழியிலேயே யோசித்துக்கொண்டு போங்கள். ஆவுடைத்தாயின் ஆடுகள் என்ன ஆயின என்று இந்த வரி வரைக்கும் உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை என்றால், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்கிறேன்.

தோன்றியதா? அப்படியானால் எதிர்வீட்டுக்குப் போங்கள். கொட்டிலில் கயிறுகள் மட்டும் கிடக்கும். காளீஸ்வரி இருக்க மாட்டாள். படிப்பை விட்டுவிட்டுப் புதியம்புத்தூருக்குத் துணி தைக்கப் போய்விட்டாள். ஆவுடைத்தாய் இருப்பாள். அவள்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடிப்படை எதுவும் பேச வேண்டாம்.