முப்பது கிலோ மாமனார்

போடிநாயக்கனூர்,
வைகாசி 12, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மனோஜ் அவர்களுக்கு, மாமனார் பேச்சிமுத்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் முன்னறை நிறைய இருக்கும் சரக்கும் சுகம். அங்கே நீங்களும் அருணாவும் பேத்தி முத்துப்பிரியாவும் ஷார்ஜா வெயிலுக்குத் தப்பி நலமாக இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் இப்போது என்னுடையது இல்லை, வியாபாரத்தினுடையது. எடுத்து அலோ என்றால், "சந்திரவல்லி அக்கா இல்லையா? பேரீச்சம்பழம் வந்துருச்சா?" என்கிறார்கள். இந்தக் கடிதத்தை அருணாவிடம் காட்ட வேண்டாம். அவளுக்குத் தெரிந்த விஷயம் அவள் அம்மாவுக்கு வந்து சேர, அடுப்பில் பால் பொங்கும் நேரம் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வியாபாரத்தை மூடச் சொல்லி நீங்கள் உங்கள் அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் காதில் விழாது. மாப்பிள்ளை சொன்னால் எழுந்து நின்று கேட்பாள்.

இதில் உங்கள் பங்கும் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன் பேத்தி பிறந்ததற்கு நாங்கள் அங்கே வந்துவிட்டுத் திரும்பும்போது, சொந்தக்காரர்களுக்குக் கொடுங்கள் என்று நாலு டப்பா பேரீச்சம்பழமும் ரெண்டு சென்ட்டு பாட்டிலும் வாங்கித் தந்தீர்கள். பக்கத்து வீட்டு மகாராணி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, சும்மா வேணாம், எனக்கு வெலைக்கே குடுத்துருங்க" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது இந்த வியாபாரப் பைத்தியம். அடுத்த தடவை கம்பளிப் போர்வை, தலையில் மாட்டுகிற டார்ச்சு, பாதாம், தைலம். மகாராணி விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போய், மலைக்குப் போகும் பெண்களிடம் டார்ச்சு விற்றுவிட்டு வருகிறாள். நான் இப்போது பால்பவுடர் பெட்டி மேல் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறேன்.

இதில் என் உத்தியோகம் என்ன தெரியுமா மாப்பிள்ளை? முப்பது கிலோ. விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ கொண்டுவரலாம் அல்லவா, அந்த முப்பது கிலோதான் நான். போன தடவை எடை கூடிப்போனது என்று, ரெண்டு சட்டைக்கு மேல் ஒரு கம்பளிக் கோட்டையும் மாட்டி, கோட்டுப் பையெல்லாம் தைலப் புட்டியாக அடைத்து உங்கள் அத்தை என்னை மதுரையில் கொண்டுவந்து இறக்கினாள். சித்திரை வெயில். விமான நிலையத்துச் சுங்க அதிகாரி ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, காய்ச்சலா?" என்று கேட்டு நாற்காலி போட்டார். நல்ல மனுஷன். அவருக்கு ஒரு தைலம் கொடுக்கலாமே என்று பையில் கையை விட்டேன், உங்கள் அத்தை முறைத்த முறைப்பில் வியர்வை நின்றுவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தகராறு வந்தது சாம்பிளில். முப்பத்தோரு வருஷம் ஏலக்காய்க் கடையில் தரம் பார்த்தவன் நான். ஏலம் விடும் மையத்தில் ஒவ்வொரு லாட்டுச் சரக்குக்கும் சாம்பிள் வரும். தட்டில் கொட்டி, உருட்டி, உரித்து, மோந்து, கடித்துப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவனைப் போடியில் யாரும் வியாபாரி என்று சொல்ல மாட்டார்கள். அதனால் உங்கள் அத்தை இல்லாத நேரம் வந்தவர்களுக்கு முறைப்படி சாம்பிள் காட்டினேன். பேரீச்சம்பழத்தில் பெட்டிக்கு ஒன்று, பாதாமில் பாக்கெட்டுக்கு நாலு. ஒரு பெட்டி மாதிரி இன்னொன்று இருக்காது என்பதால் எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஜீப்பு ஓட்டும் மொக்கையன் போர்வை கேட்டு வந்தார். போர்வைக்கு என்ன சாம்பிள் கொடுப்பது? விரித்துப் போட்டு, "படுத்துப் பாருங்க தம்பி" என்றேன். மத்தியானம் ரெண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, "சரக்கு அருமைண்ணே. குரங்கணிக்கு ஒரு லோடு கெடக்கு, வர்றேன்" என்று வெறுங்கையோடு போய்விட்டார். உங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "இது யாவாரமா, கல்யாண வீட்டுப் பந்தியா? இனிமே சரக்கைத் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க" என்றாள்.

பிறகு குங்குமப்பூ. போன தடவை அங்கே சந்தையில் யாரோ ஒருவன் சிரித்துப் பேசி உங்கள் அத்தையிடம் ஆறு டப்பா தள்ளிவிட்டிருந்தான். பக்கத்து ஊர் தேவாரத்து சூர்யகலா மகள் வளைகாப்புக்கு வேண்டும் என்று மூன்று கேட்டிருந்தார். கை சும்மா இருக்கவில்லை, ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். சாய வாசம். ஒரு இழையைத் தண்ணீரில் போட்டேன், போட்ட மாத்திரத்தில் சிவப்பு. நல்ல பூவென்றால் மெதுவாக மஞ்சள் இறங்க வேண்டும். "இது பூ இல்லடி, சாயம் ஏத்துன சோளக்கதிரு நாரு" என்றேன். "மறுபடியும் பிரிச்சிட்டீங்களா?" என்பது மட்டும்தான் பதில். மூன்று டப்பாவும் தேவாரம் போய்விட்டது.

அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். ஆவணியில் முத்துப்பிரியா பிறந்தநாளுக்கு வரும்போது நான் வர வேண்டியதில்லையாம். என் இடத்தில் மகாராணி. பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டாயிற்று. "அவளுக்கும் அதே முப்பது கிலோதான். ஆனா அவ எதையும் தொறந்து பாக்க மாட்டா" என்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. வியாபாரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது ஓடுவதால்தான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே வர முடிகிறது. போன தடவை கிளம்பும்போது முத்துப்பிரியா, "தாத்தா, பெட்டி வர்றப்ப நீங்களும் வருவீங்கள்ல?" என்று கேட்டது. வருவேன் கண்ணு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெட்டி வந்து, பின்னால் மகாராணி வந்து நின்றால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே வியாபாரத்தை மூடச் சொல்லுங்கள். மூட மாட்டேன் என்றால், என்னையும் ஒரு சரக்காக நினைத்து ஏற்றிவரச் சொல்லுங்கள்.

பேத்திக்கு ஆயிரம் முத்தம். அருணாவுக்கு ஆசி, கடிதம் வந்ததைச் சொல்லாமல் ஆசியை மட்டும் சேர்ப்பிக்கவும். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
பேச்சிமுத்து.

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்புகிற நேரத்தில் தேவாரத்திலிருந்து சூர்யகலா வந்து இறங்கினார். பாலில் போட்ட பூ பாலை ரத்தச் சிவப்பாக்கிவிட்டதாம். நல்லவேளை, யாரும் குடிக்கவில்லை. "மோந்தே தரம் சொல்ற மனுசரை வீட்டுல வச்சுக்கிட்டு இதை அவருகிட்டக் காட்டலையாக்கா?" என்று கேட்டார். உங்கள் அத்தை உள்ளே போய் எல்லா டப்பாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கூடவே ஒரு காப்பியும் வைத்து, "பிரிங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மகாராணியும் வரட்டும். ஆனா வாங்குற எடத்துல நீங்க நிக்கணும்" என்றாள்.

ஆக மூன்று பேர், தொண்ணூறு கிலோ. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கோட்டுப் பையில் நானே கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, கோட்டைக் கழற்ற மட்டும் ஒரு கை கொடுங்கள். முத்துப்பிரியா மடியை விட்டு இறங்காது.