உள்வட்டம் அண்ணாச்சியும் பாபநாசத்தில் அளந்த விரலும்

திருநெல்வேலியில் உள்வட்டம் அண்ணாச்சி அளக்காத விரல் இன்னும் பிறக்கவில்லை. முகம் பார்த்துப் பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. கையைப் பார்த்துத்தான் பேசுவார். டவுன் பஸ்ஸில் டிக்கெட் நீட்டிய கண்டக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டு, "மோதிரம் இறுக்குதுல்லா வே? ரத்தம் ஓடுமா?" என்று விசாரித்ததில், பின்படிக்கட்டில் ஏறியவர்கள் எல்லாம் ஓசியில் ஜங்ஷன் போய்ச் சேர்ந்தார்கள்.

ரத வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையின் மாடியில், கம்ப்யூட்டரில் மோதிரம் வரைவது எங்கள் வேலை. அவர் மூத்தவர், நான் அடுத்த நாற்காலி. மோதிரத்துக்கு முதலில் ஒரு வட்டக் கோடு போட வேண்டும். அந்தக் கோடுதான் விரல் நுழைகிற ஓட்டை. தங்கத்தின் கனம் முழுக்க அதற்கு வெளியேதான் ஏற வேண்டும். சும்மா விட்டால் மென்பொருள் கோட்டின் இரண்டு பக்கமும் கனத்தைப் பங்கு போட்டுவிடும். பாதித் தங்கம் உள்ளே உட்கார்ந்துகொள்ள, விரல் வெளியே நிற்கும். அதனால் யார் மவுஸைத் தொட்டாலும் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும்: "உள்வட்டமா?" பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. டீக்கடை உளுந்தவடையைக்கூட விட்டதில்லை. "ஓட்டைய நெருக்கிப்புட்டீரே வே. மாவு வெளிய போணும்லா?" வடை மாஸ்டர் கரண்டியோடு எழுந்து வந்ததை நானே பார்த்தேன்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை சாது. அவர் அப்பாவோ சகுனத்தில் புலி. தாம்பாளத்திலிருந்து தேங்காய் உருண்டது என்று, மூத்த மகனுக்குப் பார்த்த சம்பந்தத்தையே உதறிவிட்டு எழுந்து வந்தவர். எனக்கானால் மாப்பிள்ளையை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அவர் போன் வராத நாளில் சோறு இறங்காது.

அவர் மோதிரத்தை நானே வரைந்தேன். என் அப்பா நூலில் எடுத்து வந்த அளவைக் கொடுத்து, வட்டம் போட்டு, கனத்தை வெளியே ஏற்றினேன். அண்ணாச்சியே திரையைப் பார்த்துத் தலையாட்டினார். நிச்சயத்தன்று மண்டபத்தில் மோதிரத்தைத் தன் அளவுக் கம்பில் மாட்டியும் பார்த்தார்.

"நூலளவுக்கு அச்சு அசல். அது சரி, மாப்ள விரல எங்கன வச்சு அளந்தாவ?"

"பாபநாசத்துல அண்ணாச்சி. அருவியில குளிச்சுட்டு வந்ததும் அப்பா எடுத்தாவ."

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கெடுத்தாரே உங்கப்பா! அந்தத் தண்ணியில விரல் சுருங்கில்லா கெடந்திருக்கும்! இந்த வெயில்ல மோதிரம் மூட்டுல நின்னுச்சுன்னா, மாப்ளயோட அப்பா செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிருவாரே!"

உள்ளே தாம்பூலத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சர்பத்துக்கு வாங்கி வைத்திருந்த ஐஸ் முழுவதையும் அண்ணாச்சி ஒரு பித்தளைச் சருவத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மாப்பிள்ளையை இழுத்து வந்து, கையைப் பிடித்து அதற்குள் அமுக்கினார். மாப்பிள்ளை துள்ளினார்.

"பைய, மாப்ளே. கைய எடுக்கப்பிடாது. நானும் வச்சிருக்கேன்லா?" தன் கைகளையும் உள்ளே விட்டு, அவர் விரலை உருவிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து நின்றார். "என்ன வே நடக்கு இங்கன?"

"எங்க பக்கத்து முறைல்லா!" என்று சமாளித்தார் அண்ணாச்சி. "குளுந்த கையால மோதிரம் வாங்குனா, குடும்பமும் குளுமையா இருக்கும்."

மாமனார் மீசையைத் தடவி யோசித்தார். "நல்ல முறைதான். மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று தன் கையையும் உள்ளே விட்டார். அவ்வளவுதான், சம்பந்தி வீடே வரிசையில் வந்து நின்றது.

மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. வெடவெடத்த விரலில் மோதிரம் மூட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மறுநாள் அண்ணாச்சியே அதைப் பெரிதாக்கித் தந்தார். என் புகுந்த வீட்டில் இப்போது ஐஸ் சருவம் வைக்காமல் யாருக்கும் நிச்சயம் நடப்பதில்லை.

அன்றைக்குப் பந்தி நடக்கும்போது அண்ணாச்சியைத் தேடிப் போனேன். ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தனை நேரம் ஐஸுக்குள்ளேயே கிடந்த கைகள் விறைத்து, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"மாப்ள கைய உருவிட்டு ஓடிருவாரோன்னு பயந்தே போயிட்டேன் தாயி" என்றார்.

டம்ளரை வாங்கி ஆற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை வாயருகே பிடித்திருந்தேன். அண்ணாச்சிக்குப் பெண்பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.