வாடகைக் கம்பளத்தின் மேல் ஒரு நாற்காலி

மெர்வின் டோபின் அந்தத் திங்கட்கிழமை ஒரு வீரசபதம் எடுத்தார். தன் வீட்டில், தன் நாற்காலியில் சாய்ந்து, தன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டே தீருவது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய சபதம்தானா இது என்று கேட்பவர்கள் அவர் மனைவி நோரீனைப் பார்த்ததில்லை.

தன் வீடு என்று சொன்னதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வாடகை வீடு. ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊர், அதன் குளிருக்குப் பயந்து சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ, பாலாடை நிறம். தும்மினால்கூட அடையாளம் தெரியும். செருப்பு வாசலோடு சரி, டீ சமையலறையோடு சரி, தக்காளி சாஸ் என்ற வார்த்தையையே ஹாலில் உச்சரிக்கக் கூடாது. எல்லாம் நோரீன் போட்ட சட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வீட்டைச் சோதிக்கும். குடிவந்த அன்று வீட்டில் என்னென்ன கீறல், கறை இருந்தது என்று எழுதிக்கொடுத்த பட்டியல் ஒன்று அவர்களிடம் உண்டு. அதில் இல்லாத குறை புதிதாகக் கண்ணில் பட்டால் தொலைந்தோம். அந்தப் பட்டியலை எழுதியவளும் நோரீன்தான். மெர்வின் அப்போது தெருவில் நின்று, நாற்காலியைப் பூப்போல இறக்கச் சொல்லி லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுப்புத் தோல், நான்கு மரக்கால், வயது இருபத்திரண்டு. ஒரு கை டேப் ஒட்டி உயிர் வாழ்ந்தது. விசையை இழுத்தால் கால்பலகை பசுமாடு போலக் கத்திக்கொண்டு எழும்பும். மெர்வினுக்கு அது சிம்மாசனம், நோரீனுக்குக் குப்பை. வருகிற சனிக்கிழமை நகராட்சிக்காரர்கள் தெருவில் போடும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அள்ள வருகிறார்கள். அதற்கு முன் வியாழக்கிழமை சோதனை. ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் ஓர் ஒப்பந்தம் தொங்கியது. கம்பளத்தைப் பற்றி ஏஜென்ட் ஒரு குறை எழுதினாலும் நாற்காலி தெருவுக்கு. எழுதாவிட்டால், நோரீன் அதைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மூன்று நாள் சும்மா இருந்தால் போதும், நாற்காலி பிழைத்துவிடும். ஆனால் சும்மா இருப்பது என்ன லேசான காரியமா? நோரீன் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மெர்வினுக்கு மத்தியானம் ஓய்வு. மூலைக்கடைக்குப் போய் பீட்ரூட் வைத்த பர்கர் ஒன்று வாங்கி வந்தார். தரையில் பழைய துண்டு விரித்தார். அதன் மேல் செய்தித்தாள் விரித்தார். ராஜாவாக அமர்ந்து விசையை இழுத்தார்.

மாடு கத்தியது. பலகை எழும்பியது. பர்கரிலிருந்து ஒரே ஒரு பீட்ரூட் வில்லை வழுக்கி இறங்கி, செய்தித்தாளைத் தாண்டி, துண்டையும் தாண்டி, கம்பளத்தில் போய்ப் படுத்தது. அப்படியே விட்டிருந்தாலும் ஆபத்தில்லை. மெர்வின் பதறி எழுந்து அதன் மேலேயே காலை வைத்தார்.

பக்கத்து வீட்டு பேசில் வேலியோரம் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பேசில், பீட்ரூட் கறை எப்படிப் போகும்?"

"எதுல பட்டுச்சு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குறவன் இந்தக் குளிர்ல எதுக்குப்பா ஒத்தக்கால் சாக்ஸோட நிக்கிற? கம்பளமா?"

"கம்பளம்தான்."

"நோரீனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நான் உங்கிட்ட நின்னு பேசிட்டிருப்பேனா?"

"சோடாவை ஊத்தி ஒத்தி எடு. தேய்ச்சுடாத, என்ன?"

மெர்வின் தேய்த்தார். ஒரு வில்லை அளவு இருந்தது டீ சாஸர் அளவானது. வினிகர் ஊற்றினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, நல்ல சிவப்பாகச் சிரித்தது. மறுபடி வேலிக்கு ஓடினார்.

"இனி மருந்து கேக்காது, ஆபரேஷன்தான்" என்றார் பேசில். "துணி அலமாரிக்குள்ள அதே கம்பளம்தானே? மூலையில ஒரு துண்டு வெட்டி இங்க ஒட்டிடு. அலமாரிக்குள்ள எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? எங்க பழைய வீட்ல நான் பண்ணினேன். பதினோரு வருஷம், ஒரு பய கண்டுபிடிக்கல."

படுக்கையறை அலமாரியின் தள்ளுகதவு எப்போதும் சிக்கிக்கொள்ளும். அதற்காகவே மெர்வின் ஏஜென்ட் ஆபீஸுக்கு மூன்று புகார் எழுதியிருந்தார். இன்றைக்கும் முட்டி மோதித்தான் திறக்க வேண்டியிருந்தது. நோரீனின் பூட்ஸுகளை ஒதுக்கி, தட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் கத்தியை ஓட்டினார். ஹாலில் கறையையும் அதே தட்டை வைத்து வெட்டி எடுத்தார். ஒட்டினார். பல்துலக்கி ஒன்றால் இழைகளைக் கோதிவிட்டார். யாருடைய பல்துலக்கி என்று கவனிக்க நேரமில்லை. எழுந்து நின்று பார்த்தால், அடடா! பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

நோரீன் ஐந்து மணிக்கு வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வினிகர் வாடை?"

"சாலட் சாப்பிட்டேன்."

"நீயா? சாலட்டா?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"பேசில்."

"பேசில் எப்ப டாக்டரானான்?"

"இன்னைக்கு மத்தியானம்."

நோரீன் கம்பளத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், சமையலறைக்குள் போனாள். அவள் திட்டியிருந்தால் மெர்வினுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை ஏஜென்ட் ஆபீஸிலிருந்து டாலியா என்ற பெண் வந்தாள், வேலைக்குப் புதிது. கையில் பழைய பட்டியல்; முன்பு வந்தவர்கள் புதுக் குறை மட்டும் தேடிப் போனார்கள், இவள் அதை வரிவரியாகச் சரிபார்ப்பவள். ஹாலில் ஜன்னல் பக்கம் வந்ததும் நின்று, குனிந்து, மறுபடி பட்டியலைப் பார்த்தாள்.

"இங்க ஒரு கறை இருக்கணுமே?"

மெர்வின் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கறையா? இருக்கணுமா?"

"நீங்க குடிவந்தப்ப எழுதிக் கொடுத்ததுதான். பதினொண்ணாவது. 'ஹால், ஜன்னல் பக்கம், தட்டு அளவு சிவப்புக் கறை, ஏற்கெனவே உள்ளது.' எங்க ஆபீஸ்ல கையெழுத்தும் போட்டுருக்காங்க. ஆனா இப்ப சுத்தமா இருக்கே! ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மிஸ்டர் டோபின்."

மெர்வின் நோரீனைப் பார்த்தார். நோரீன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்பே அவருடைய கறைக்கு ரயிலில் துண்டு போடுவது போல இடம் போட்டு வைத்திருக்கிறாள்! அவர் கறையை அப்படியே விட்டிருந்தாலே போதுமாம். போகட்டும். குறை எழுதவில்லை அல்லவா? நாற்காலி பிழைத்தது. அதன் டேப் ஒட்டிய கையை வாஞ்சையோடு தடவினார். சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

"கடைசியா ஒண்ணு" என்றாள் டாலியா. "படுக்கையறை அலமாரிக் கதவு சிக்குதுன்னு மூணு புகார் எழுதியிருக்கீங்க. அதையும் பாத்துடுறேன்."

"அது சரியாயிடுச்சு!"

"எப்ப?"

"இப்பத்தான்!"

"இல்லம்மா, காலையில கூட சிக்குச்சு. வாங்க காட்டுறேன்" என்றாள் நோரீன்.

மூன்று புகாரிலும் அசையாத கதவு அன்று வெண்ணெயாக வழுக்கித் திறந்தது. நோரீன் பூட்ஸைக் கையில் எடுத்தாள். கீழே முழு வட்டமாக ஓர் ஓட்டை.

"இது பட்டியல்ல இல்லையே" என்று டாலியா மூன்று கோணத்தில் படம் பிடித்தாள்.

"எலி" என்றார் மெர்வின்.

"இவ்வளவு வட்டமாவா?"

"தட்டு வெச்சு வெட்டுற எலிம்மா. எங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் நோரீன்.

டாலியா குறையை எழுதிக்கொண்டு போன பிறகு மெர்வின் பொருமித் தீர்த்தார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே நோரி!"

"என்னன்னு? 'மெர்வ், நீ ஒருநாள் சிந்துவ, அதுக்கு நான் எழுதி வெச்சாச்சு'ன்னா? சொல்லியிருந்தா முதல் வாரமே சிந்தியிருப்ப."

சனிக்கிழமை காலை நாற்காலி தெருவுக்குப் போனது. நகராட்சி வண்டி வருவதற்குள் பேசில் ஒரு தள்ளுவண்டியோடு வந்து, "கவலைப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்று அதை ஏற்றிக்கொண்டு போனார். மெர்வின் வேலி வரை கூடவே நடந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாடு கத்தும் சத்தம் கேட்டது.

வெறிச்சோடிய ஹாலில் வந்து நின்றார். நாற்காலி இருந்த இடத்தில் நான்கு கால்களும் கம்பளத்தை ஆழமாகக் குழித்திருந்தன. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நோரி, இங்க வா! நாலு குழி பாரு! நாற்காலி இருந்திருந்தா மறைஞ்சிருக்கும். அடுத்த சோதனையில இதையும் குறையா எழுதுவாங்க. இப்ப என்ன பண்ணுவ? பேசில் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேக்கவா?"

நோரீன் மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மெர்வின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'பன்னிரண்டு. ஹால், ஜன்னல் பக்கம், நான்கு குழிகள். முன்பு இங்கே இருந்து அகற்றப்பட்ட பழைய நாற்காலியின் கால் தடங்கள்.'

கீழே தேதி போட்டிருந்தது. அவர்கள் குடிவந்த நாள். அந்த நாற்காலி அப்போது லாரியை விட்டே இறங்கியிருக்கவில்லை.